கத்துகிற செல்லும் வாய் மூடிய ஊரும்

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடுங்கள் என்று பேரவையில் கேட்டதும், "நீ எலக்ட்ரிகல் பொண்ணு, சோலார் பத்தி எழுதுடி" என்றுதான் தோழிகள் சொன்னார்கள். நான் மாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். மாட்டின் வாயில் இருக்கும் செல்லைப் பற்றியும், அந்தச் செல்லுக்குள் நுழையும் வைரஸைப் பற்றியும் எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மா அதுவும் இல்லை. என்னைப் படிக்க வைப்பது ஒரு பசு மாடு. முதல் வருடம் வாங்கிய டிராஃப்டர், லேப் கோட், செமஸ்டருக்கு செமஸ்டர் கட்டும் பரீட்சைக் கட்டணம் எல்லாம் பால் காசு. அந்தப் பசுவுக்கு நான் கடன்பட்டவள். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி ஒன்றுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாலு நாள் மௌனம்

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. பால் கறக்கப் போனால் லட்சுமி தீவனத்தைத் தொடவில்லை. உதட்டைச் சப்புக் கொட்டிக்கொண்டே நிற்கிறது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்குகிறது. முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்குகிறது. அப்பா வந்து வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் கொப்புளம். ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"கோமாரி. யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காத பாப்பா. சொசைட்டில தெரிஞ்சா பால் எடுக்க மாட்டாங்க. உனக்குப் பரீட்சை பணம் கட்டணும்."

நானும் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அப்பா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்து அவருக்குத் தெரிந்த வைத்தியம் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாடும் எங்கள் மாடும் தண்ணீர் குடிப்பது ஒரே தொட்டியில். அவர்கள் கன்றுக்குட்டிக்குத் தினம் சாயங்காலம் அகத்திக்கீரை கொடுப்பது நான். காலேஜ் விட்டு வந்து, எங்கள் மாட்டைக் கழுவிவிட்டு, அதே கையோடு போய்க் கொடுப்பேன். அந்த நாலு நாளும் கொடுத்தேன்.

அடுத்த புதன்கிழமை விடியற்காலை அந்தக் கன்று செத்துக் கிடந்தது. முதல் நாள் ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. "பூச்சி ஏதோ கடிச்சிருக்கும்" என்றார் பெரியம்மா. கோமாரி வைரஸ் பெரிய மாட்டின் வாயையும் குளம்பையும் புண்ணாக்கும். இளங்கன்றுக்கோ இதயத் தசையையே தாக்கும். கொப்புளம் வருவதற்கு முன்பே கன்று விழுந்துவிடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அந்த வாசலில் நின்றபோதே, பூச்சி கடிக்கவில்லை என்று தெரியும்.

அதற்குப் பிறகு, நம் நூலகத்திலும் போனிலுமாகக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அந்த வைரஸ் செல்லுக்குள் செய்கிற வேலையும் எங்கள் வீட்டில் நாங்கள் செய்த வேலையும் ஒன்றுதான்!

எதிரி யார்?

கோமாரி, காணை, கால்-வாய் நோய் என்று நாம் சொல்லும் இந்த நோய்க்கு அறிவியல் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ராஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1898-ல் நோய் வந்த மாட்டின் கொப்புள நீரை எடுத்து, பாக்டீரியா எதுவும் கடக்க முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடித்த நீரைக் கன்றுகளுக்குச் செலுத்தினால் அப்போதும் நோய் வந்தது. பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ் என்று உலகம் முதலில் கண்டது இதைத்தான்.

எவ்வளவு சிறியது? நம் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் கோடு இருக்கிறதே, அதில் இந்த வைரஸை வரிசையாக நிற்க வைத்தால் முப்பதாயிரத்துக்கு மேல் நிற்கும். உள்ளே இருப்பது சுமார் 8,500 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். சொந்தமாக ஒரு புரதம்கூடச் செய்துகொள்ள முடியாது. மாட்டின் செல்லுக்குள் புகுந்து, அங்கே இருக்கிற தொழிற்சாலையை ஓட்டித்தான் தன்னைப் போல ஆயிரக்கணக்கில் அச்சடித்துக்கொள்கிறது. சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு அடுத்த செல்லுக்குப் போய்விடும்.

அப்படியானால் செல் சும்மா இருக்குமா?

செல்லுக்குள் ஒரு ரிலே

மூன்றாம் வருடத்தில் நாம் ஸ்விட்ச் கியர் படிக்கிறோம். லைனில் கோளாறு வந்தால் ரிலே உணர வேண்டும், பிரேக்கர் ட்ரிப் ஆக வேண்டும், கோளாறு அடுத்த ஃபீடருக்குப் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டை மனிதன் கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே செல் வைத்திருக்கிறது.

நம் செல்லில் இருக்கும் ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை. அதன் தலையில் ஒரு தொப்பி இருக்கும். அந்தத் தொப்பிதான் அதன் அடையாள அட்டை. வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது நீளமான இரட்டை இழை உண்டாகிறது. நம் செல்லில் அப்படி ஒன்று இருக்கக் கூடாது. எம்.டி.ஏ.-5 என்று ஒரு காவல் புரதம் இருக்கிறது. இரட்டை இழையைக் கண்டதும் அது விழித்துக்கொள்கிறது. சேதியை மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் இன்னொரு புரதத்துக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து சேதி உட்கருவுக்குப் போகிறது. உட்கருவில் ஒரு ஜீன் ஆன் ஆகிறது. அதன் உத்தரவின்படி செய்யப்படும் புரதத்துக்குப் பெயர் இன்டர்ஃபெரான்.

1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் கண்டுபிடித்தது இது. சூட்டில் செயலிழக்க வைத்த ஃப்ளூ வைரஸைக் கோழி முட்டைச் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் வளர முடியவில்லை. அடிபட்ட செல்கள் ஏதோ ஒன்றை வெளியே விட்டிருக்கின்றன, அது வைரஸின் வேலையில் குறுக்கிடுகிறது என்று புரிந்தது. குறுக்கிடுவது என்ற பொருள் வரும்படிதான் அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

நண்பர்களே, இங்கேதான் கவனிக்க வேண்டும். வைரஸ் புகுந்த செல் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அது செய்கிற இன்டர்ஃபெரான் முக்கியமாக அக்கம்பக்கத்துச் செல்களுக்குப் பயன்படுகிறது. வெளியே போய்ப் பக்கத்துச் செல்லின் கதவைத் தட்டுகிறது. "என் வீட்டில் திருடன் புகுந்துட்டான், நீ உஷாரா இரு" என்கிறது. கேட்ட செல் நூற்றுக்கணக்கான ஜீன்களை ஆன் செய்துகொள்கிறது. பி.கே.ஆர். என்றொரு புரதம் தயாராகிறது. இரட்டை இழை உள்ளே வந்தால் புரதத் தொழிற்சாலையையே அது ட்ரிப் செய்துவிடும். ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டும் என்சைம் ஒன்றும் தயாராக இருக்கிறது. வைரஸ் வந்து பார்க்கும்போது மெயின் ஆஃப், பட்டறை மூடியாச்சு!

ஜுரம், உடம்பு வலி, அசதி என்று நாம் படுத்துக்கொள்கிறோமே, அதில் பெரிய பங்கு வைரஸின் கைவேலை இல்லை. இன்டர்ஃபெரானும் அதைப் போன்ற எச்சரிக்கைச் சேதிகளும் ஓடுவதால் வருவது. அந்தக் கூச்சலுக்கு உடம்பு முழுக்கச் சேர்ந்து கொடுக்கும் விலை அது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

ஒயரை அறுக்கும் திருடன்

இவ்வளவு காவல் இருந்தும் கோமாரி எப்படி ஜெயிக்கிறது?

வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே வந்ததும் முதலில் செய்யப்படுவது எல்-புரோட்டியேஸ் என்ற ஒரு கத்தரிக்கோல். அது இழையிலிருந்து தன்னைத் தானே வெட்டி விடுவித்துக்கொள்கிறது. அடுத்து அது வெட்டுவது செல்லின் புரதத் தொழிற்சாலையில் இருக்கும் இ.ஐ.எஃப்.-4ஜி என்ற இணைப்பை. தொப்பி போட்ட ஆர்.என்.ஏ.வைப் பிடித்து ரைபோசோமில் மாட்டுவது இந்த இணைப்புதான். அது அறுந்தால் செல்லின் சொந்த உத்தரவு எதுவும் நிறைவேறாது. வைரஸின் ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி கிடையாது, தேவையும் இல்லை. நடுவில் ஒரு மடிப்பு வைத்திருக்கிறது. அதைக் கொண்டு ரைபோசோமில் நேராக மாட்டிக்கொள்கிறது.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரை அறுத்துவிட்டு, கம்பத்தில் தனக்கு மட்டும் கொக்கி போட்டுக்கொள்கிறான். வீடு இருட்டு, திருடனுக்கு மட்டும் லைட்டு!

உட்கரு என்னவோ "இன்டர்ஃபெரான் செய்" என்று உத்தரவு போடப் பார்க்கிறது. செய்ய ஆள் இல்லை. போதாததற்கு எல்-புரோட்டியேஸ் அந்த உத்தரவையே குறைத்துவிடுகிறது என்று 2006-ல் காட்டினார்கள். வைரஸின் இன்னொரு கத்தரிக்கோல், சேதி கடத்தும் வழியில் இருக்கும் வேறொரு புரதத்தை வெட்டுகிறது. முதல் வேலையே சேதியைத் தடுப்பதுதான்.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் பிளம் ஐலண்ட் என்ற தீவில் இதற்கான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே எல்-புரோட்டியேஸ் ஜீனை நீக்கிவிட்டு ஒரு கோமாரி வைரஸை உண்டாக்கினார்கள். 1999-ல் வந்த முடிவு இது. இன்டர்ஃபெரான் செய்யத் தெரிந்த செல்களில் அந்த வைரஸ் திணறியது. இன்டர்ஃபெரான் செய்ய முடியாத செல்களில் நன்றாகவே வளர்ந்தது. மாடுகளிலும் அந்த வைரஸால் உடம்பெங்கும் பரவி நோயை உண்டாக்க முடியவில்லை. மற்ற ஆயுதம் எல்லாம் அப்படியே கையில் இருக்கிறது. ஒயரை அறுக்கும் கத்தரிக்கோல் மட்டும் இல்லை. அது இல்லாமல் போனதுமே பலம் போய்விட்டது.

2003-ல் இன்னொரு சோதனை. தடுப்பூசி போட்டால் பாதுகாப்பு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதற்குள் நோய் வந்தால்? இன்டர்ஃபெரான் ஜீனை வேறொரு வைரஸில் ஏற்றிப் பன்றிகளுக்குச் செலுத்தினார்கள். மறுநாளே கோமாரி வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். பன்றிகள் தப்பின. வைரஸ் வாயை அடைப்பதற்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டால் போதும்.

அரை நாள் கணக்கு

இனி எங்கள் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். இங்கிலாந்தில் பிர்பிரைட் என்ற இடத்தில் கால்நடை வைரஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சில மாடுகளை வைத்து நோய் பரவும் நேரத்தை அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். நோய்க்குறி தெரிந்து சராசரியாக அரை நாள் கழித்துத்தான் ஒரு மாடு அடுத்த மாட்டுக்கு நோயைக் கொடுக்க ஆரம்பித்தது. கொடுக்கும் காலம் சராசரி 1.7 நாள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழன் காலை நாங்கள் எச்சில் நூலைப் பார்த்தோம். அந்த நிமிடமே லட்சுமியைத் தனியாகக் கட்டி, தொட்டித் தண்ணீரைக் கொட்டி, பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு அரை நாள் கிடைத்திருக்கும். நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தது, அந்த மாடு மிக அதிகமாக நோயைப் பரப்பிய அதே நாட்களில். தொட்டியிலும் கையிலும் ஒட்டிய வைரஸ் அதற்கு மேலும் பிழைத்திருக்கும். எல்-புரோட்டியேஸ் செல்லுக்குள் செய்ததை நாங்கள் தெருவில் செய்தோம்.

அப்பா மேல்தான் தப்பா?

"படிக்காதவங்க, விழிப்புணர்வு இல்லை" என்று எழுதி முடிப்பது சுலபம். மேடையில் பேசுபவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

என் அப்பாவுக்குக் கோமாரி தொற்றும் என்று தெரியும். 2013-ல் தமிழ்நாடு முழுக்கக் கோமாரி அடித்து எத்தனையோ மாடுகள் செத்ததை அவர் பார்த்தவர். அவர் மறைத்தது அறியாமையால் இல்லை, கணக்குப் பார்த்துத்தான் மறைத்தார். சொன்னால் நஷ்டம் முழுக்க அவர் ஒருவருக்கு. பால் நிற்கும், மாட்டின் விலை இறங்கும், "அந்த ஊட்டு மாட்டாலதான் வந்துச்சி" என்ற பேச்சு வரும். சொல்வதால் லாபம் பக்கத்து வீட்டுக்காரருக்கு. இந்தக் கணக்கில் எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

உடம்பு இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடுகிறது. ஒரு செல் கத்தினால் அதற்கான செலவை உடம்பு முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது. அதுதான் ஜுரம், அதுதான் உடம்பு வலி. கத்திய செல்லைப் பார்த்து "உன்னாலதான் ஜுரம்" என்று எந்தச் செல்லும் ஒதுக்கிவைப்பதில்லை. அதனால்தான் செல் தைரியமாகக் கத்துகிறது.

நாம் என்ன செய்கிறோம்? 2020-ல் கொரோனா வந்தபோது சென்னையிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் தெருவை எங்கள் ஊரில் முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தண்ணீர்க் குடத்தைக்கூட தூரத்தில் வைத்துவிட்டு ஓடினார்கள். அதைப் பார்த்த பிறகு ஊரில் யாருக்கும் ஜுரமே வரவில்லை! வந்தது, யாரும் சொல்லவில்லை. கத்தியவனைத் தண்டித்தால் அடுத்தவன் கத்த மாட்டான்.

அதே 2020-ல் உடம்புக்குள்ளும் இப்படி ஒன்று நடந்ததைக் கண்டுபிடித்தார்கள். கொரோனா நிமோனியாவால் உயிருக்குப் போராடிய 987 பேரைச் சோதித்ததில் 101 பேருடைய ரத்தத்தில் வினோதமான எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. அவை வைரஸைத் தாக்கவில்லை. அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே தாக்கிச் செயலிழக்க வைத்துக்கொண்டிருந்தன. கத்துகிறவன் வாயைச் சொந்த வீட்டுக்காரனே பொத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சொன்னவர்களும் சொல்லாதவர்களும்

2001-ல் இங்கிலாந்தில் கோமாரி வந்து 60 லட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று ஒழிக்க வேண்டி வந்தது. எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப் போனபோது வடக்கே ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றது. பண்ணைக்காரர் நோயைத் தெரிவிக்காமல் இருந்த குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். படித்த நாடு, பணக்கார நாடு. அங்கேயும் மௌனம்தான் முதல் நெருப்பு.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. வெக்கை நோய் என்று நம் தாத்தாக்கள் நடுங்கிய நோய் கோமாரியைவிடக் கொடியது. தொழுவத்தையே காலி செய்துவிடும். இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-ல், நம் தமிழ்நாட்டில்தான். 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் அடியோடு ஒழித்த நோய் அது. தடுப்பூசி பெரிய காரணம், சந்தேகமில்லை. கடைசிக் கட்டத்தில் ஊர் ஊராகப் போய் "உங்க ஊர்ல இப்படி மாடு ஏதாவது கிடக்குதா?" என்று விசாரித்த வேலையும் காரணம். ஊர்க்காரர்கள் வாய் திறந்து சொன்னார்கள். வெக்கை போனது.

நம் நாட்டில் 2009-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. கோமாரி போன்ற தொற்று நோய் வந்தால் மாட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் பால் நிற்கும் அந்த இரண்டு, மூன்று வாரத்துக்கு வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? அதற்குப் பதில் இருந்திருந்தால் என் அப்பா அந்த வியாழக்கிழமையே கத்தியிருப்பார்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றி நாம் எல்லோரும் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921 வாக்கில் வெட்டியது. குடவோலை, ஏரி வாரியம் எல்லாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அதில் தேர்தலில் நிற்கத் தகுதி இல்லாதவர் பட்டியல் ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஊருக்குத் தெரிய வேண்டியதை மறைப்பது தனி ஆளின் சொந்த விஷயம் இல்லை என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். "உறவினரும்" என்று இருப்பதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் உறவினர்தானே!

நாம் என்ன செய்யலாம்?

நம் காலேஜில் பாதிப் பேர் வீட்டில் மாடு இருக்கிறது. ஊரில் படிவம் நிரப்புவதும், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் நாம்தான். ஆகவே நம்மிடமே சொல்கிறேன்.

எச்சில் நூலைக் கண்டால் அன்றைக்கே மாட்டைத் தனியாகக் கட்டுங்கள். தொட்டியையும் வாளியையும் தனியாக வையுங்கள். அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்ட விடாதீர்கள். மனிதருக்கு இந்த நோய் வருவது மிக மிக அபூர்வம், பயப்பட வேண்டாம். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 1962-க்கு போன் போடுங்கள். புண் ஆறும்வரை சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

தடுப்பூசியைத் தவற விடாதீர்கள். ஊசி போட்டால் பால் குறையும் என்று எங்கள் வீட்டில் போன முகாமுக்கு ஓட்டிப் போகவில்லை. சில நாள் கொஞ்சம் குறையலாம். கோமாரி வந்தால் மாதக் கணக்கில் குறையும். கோமாரி வைரஸில் ஏழு வகை உண்டு. ஒன்றுக்கான பாதுகாப்பு இன்னொன்றுக்கு உதவாது. நம் நாட்டில் ஓடுவது ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று. அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஊசி. அதன் பலம் ஆறு மாதம்தான் நிற்கும். அதனால்தான் 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள்.

இதெல்லாம் தனி ஆள் செய்வது. ஊர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் என் கட்சி. முதலில் சொல்பவனுக்கு நஷ்டம் வரக் கூடாது! ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் லிட்டருக்குச் சில பைசா எடுத்து ஒரு பொது நிதி வைக்கலாம். நோய் என்று வந்து சொன்ன வீட்டுக்குப் பால் நிற்கும் நாட்களுக்கு அதிலிருந்து பாதிக் காசாவது கொடுக்கலாம். பொய் சொல்லி வாங்குவார்கள் என்பீர்கள். கால்நடை மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பொய் சொல்லப்படும் சில ரூபாயைவிட உண்மை மறைக்கப்பட்டதால் சாகும் கன்றுகளின் விலை அதிகம். உடம்பு ஜுரம் என்ற பொது நிதியை வைத்திருக்கிறது. ஊருக்கும் ஒன்று வேண்டாமா?

கடைசியாக

கன்று செத்த மூன்றாம் நாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். நான் சொன்னேன். வியாழக்கிழமையே தெரியும் என்று சொன்னேன். அகத்திக்கீரை பற்றியும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கட்டுத்தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா கன்னுக்குட்டிய எங்கம்மா ஊட்ல கட்டியிருப்பேனேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் கன்று இல்லை. சாயங்காலம் நான் அந்தப் பக்கம் போவதும் இல்லை.

லட்சுமி மூன்று வாரத்தில் தேறிவிட்டது. வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் தேறிவிடும். பால்தான் பழையபடி வரவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்கு அப்பா கைமாற்று வாங்கினார்.

இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் அப்பாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். ரைபோசோம் வந்த இடத்தில் "இன்னாமா அது" என்று கேட்டார், கொக்கி என்றதும் சிரித்தார். அவரைப் பற்றி எழுதிய இடம் வந்தபோது தலை குனிந்தார். எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், போடு. நாலு பேரு படிக்கட்டும்" என்றார்.

படித்துவிட்டீர்கள். இனி உங்கள் வீட்டுத் தொழுவத்தில் எச்சில் நூல் தொங்கினால், முதலில் கத்துவது நீங்களாக இருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கத்தினால் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.